மாத்திரை விரதத்தை முறிக்காது என்று நான் சொன்னது

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவன் கருணையில் இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். நான் சௌக்கியம் என்பதை நீ அப்படியே நம்பிவிடுவாய், அப்பா சௌக்கியம் என்பதை நம்ப மாட்டாய், அதற்காகத்தான் இத்தனை பக்கம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலம்தானே, சின்னவளுக்கு இருமல் விட்டுவிட்டதா, ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறாள் என்றாயே, அதை முதலில் சாத்து. போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே. அம்மா எதையும் மறைக்காதே என்று ஆரம்பித்து, நான் மறைப்பதாக நினைப்பதை எல்லாம் நீயே சொல்லி, அதற்குப் பதிலையும் நீயே சொல்லி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று வைத்துவிடுகிறாய். போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா உன்னிடம் தெளிவாகத்தான் பேசினார், நீயோ, இன்னைக்கு நல்ல நாள் போல, நடுநடுவில் இப்படித் தெளிவாகவும் இருப்பார்களாம், நெட்டில் போட்டிருக்கிறான் என்று என்னிடம் கிசுகிசுத்தாய். மறந்தாலும் வியாதி, மறக்காவிட்டாலும் வியாதி என்றால் மனுஷன் எங்கேதான் போவார். ஆகையால் வேலை எல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து நிதானமாகப் படி. படித்து முடிக்கும்வரை டிக்கெட் விஷயமாக யாருக்கும் போன் பண்ணாதே.

நீ செய்ததைத் தப்பு என்று சொல்லவில்லை கண்ணு. அப்பாவுக்கு மூளை மங்குகிறது என்று பயந்தாய், மாசக் கடைசிக்கு எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாய், வீட்டை வாடகைக்கு விடத் தரகரை அனுப்பினாய். அவர் வந்து அறை அறையாக டேப் வைத்து அளந்தார். அப்பா சண்டை போடுவார் என்று நான் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து போய் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்து பாதி ஊரின் நம்பரைத் தலைக்குள் வைத்திருந்த ஆள் அவர். உன் பெரியப்பா கடைசி நாலு வருஷம் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, வாங்க உட்காருங்க என்று உபசரித்ததையும் கூட இருந்து பார்த்தவர். அடுத்தது நான்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார். மறுநாளே நம் மேஜை மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு போய்த் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு, நமக்கு இனி எதுக்கு என்று வந்து உட்கார்ந்தார்.

இந்தத் தையல்காரரை உனக்குத் தெரியும், நாங்கள் அங்குலம் என்று கூப்பிடுவோமே அவர்தான். எதிரில் வருகிறவரின் முகத்தைப் பார்க்குமுன் இடுப்பைப் பார்த்து அளவு சொல்லுவார், துக்க வீட்டிலும் சொல்லுவார். இந்தக் கதை எல்லாம் அவர் கடையில்தான் ஆரம்பித்தது. அப்பாவுக்கு நாலு மாசமாகவே அந்த எண்ணம் அரித்துக்கொண்டிருந்தது, ஏதோ ஒரு பழைய நம்பர் சட்டென்று வரவில்லையாம். அதை அங்குலத்திடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் தன் பேண்டின் இடுப்பைப் பிடித்து முன்னால் இழுத்துக் காட்டி, பார்த்தியா நாலு அங்குலம் குறைஞ்சிருக்கு, ராத்திரி எட்டு மணிக்கு வாயை மூடினா மறுநாள் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கிறேன், பதினாறு மணி நேரம் வயிறு காலியா இருந்தா உடம்பு தன் குப்பையைத் தானே எரிக்குமாம், மூளையில் இருக்கிற ஒட்டடை எல்லாம் போயிடுமாம், எனக்கு என் முதல் வாடிக்கையாளரோட தோள் அளவுகூட இப்போ ஞாபகம் வருது என்று அளந்து விட்டிருக்கிறார். அப்பா அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு வியாழக்கிழமை விரதம், முப்பத்தொரு வருஷமாக விட்டதில்லை. கடவுளுக்காக இருப்பது விரதம், இடுப்புக்காக இருப்பது பேராசை என்று சொல்லிப் பார்த்தேன். உன் கடவுளுக்கு ஒரு நாள், என் மூளைக்கு ஆறு நாள் என்றார். வியாழக்கிழமை மட்டும் அவர் இருக்க மாட்டார், காலையிலேயே ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிடுவார். ஏன் என்று கேட்டால், ஒரே வீட்டில் இரண்டு பேர் பசியோடு இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார் என்றார். இதை நன்றாக மனசில் வைத்துக்கொள், வியாழக்கிழமை மட்டும் சாப்பிட்டார்.

இப்போது சொல்லப்போவதை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம், மாப்பிள்ளையிடம் வேண்டுமானால் சொல். அப்பா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார் அல்லவா, காலை எட்டு மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால். விரதம் ஆரம்பித்த முதல் நாள் அவர் என்னிடம் வந்து, ஏம்மா நீதான் இதில் அனுபவசாலி, பட்டினி இருக்கும்போது மாத்திரை போட்டால் விரதம் முறிஞ்சிடுமா என்று கேட்டார். நாற்பது வருஷத்தில் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் மூன்றாவது தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து விரதத்தை முறிக்காது, தண்ணீரும் முறிக்காது, தாராளமாகப் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா, மறந்துவிடுவாரே என்று தினமும் மணி எட்டு அடித்ததும் நானே தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு போய், அவர் வாயில் போடும்வரை எதிரில் நின்றேன். ஒரு நாள் தவறவில்லை. நோட்டில் டிக் அடித்திருக்கிறேன்.

நோட்டு என்றதும் சிரிப்பாய். சிரித்துக்கொள். விரதம் தொடங்கினதிலிருந்து அப்பா எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணி நேரம் இருந்தார், எடை எவ்வளவு, எல்லாம் எழுதியிருக்கிறேன். பதினொன்றே காலுக்கு ஒரு பிஸ்கட், கேட்டதற்கு நமுத்துப்போச்சா என்று பார்த்தேன் என்றார் என்பதுகூட அதில் இருக்கிறது. நீ பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும், மறதியை எல்லாம் குறித்து வை என்று சொன்ன பிறகு அதற்கு ஒரு தனிப் பத்தி போட்டேன். ஆறு வாரத்தில் ஒன்பது மறதி. வீட்டுச் சாவியை மாவு டப்பாவில் போட்டு மூடினது, பக்கத்து வீட்டுக்குள் போய் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் பேப்பரை விரித்துக்கொண்டு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது, அந்த அம்மா நல்ல மனுஷி, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் படிக்கக் கொடுத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினாள். உன்னிடம் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது அத்தை பேரைச் சொல்லி, உன் புருஷனுக்கு வேலை கிடைச்சுதா என்று கேட்டது. எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன், ஒன்றைத் தவிர. பேத்தியின் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு இது யாருடைய பிள்ளை, களையாக இருக்கிறாளே என்று கேட்டார். அதை மட்டும் மூன்று நாள் கழித்துத்தான் எழுத முடிந்தது. அன்றைக்குத்தான் சாமி முன்னால் நின்று ஒரு வேண்டுதல் வைத்தேன், இவருக்குப் புத்தி தெளிந்தால் ஆயுசுக்கும் வாரத்தில் இரண்டு நாள் பட்டினி கிடக்கிறேன் என்று. இவர் மூளைக்காக இருக்கிறார், நான் இவர் மூளைக்காக இன்னும் ஒரு நாள் இருக்கிறேன் என்கிறேன், மொத்தத்தில் இந்த வீட்டில் அடுப்புக்குத்தான் ஓய்வு.

இனிமேல்தான் விஷயம். இரண்டு வாரத்துக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை அப்பா பேண்டை இறுக்கித் தைக்க அங்குலம் கடைக்குப் போனார். மணி பதினொன்றுக்கு மேல் இருக்கும். கையைத் தூக்கு என்றிருக்கிறார் அவர், அப்பா தூக்கியிருக்கிறார். இறக்கு என்றால் இறக்கவில்லை. தூக்கின கையோடு சிலை மாதிரி நின்று, சொல்லுங்க சார், எந்த நம்பர் வேணும் என்று கேட்டாராம். அங்குலம் வேடிக்கை என்று நினைத்து முப்பத்தெட்டு என்றிருக்கிறார், இடுப்பளவு. லைன் பிஸியா இருக்கு, கொஞ்சம் பொறுங்க என்றாராம் அப்பா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அங்குலம் அவசரமாக அப்பாவைப் பிடித்து உட்கார வைத்து, துணி அலமாரிக்குப் பின்னால் ஓடி ஒரு பெரிய டம்ளர் டீயைக் கொண்டுவந்து குடிக்க வைத்திருக்கிறார். மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீ. கால் மணி நேரத்தில் அப்பா கண்ணைக் கசக்கி, சுற்றும் முற்றும் பார்த்து, டம்ளரைப் பார்த்து, முதல் வார்த்தையாக என்ன கேட்டார் தெரியுமா, ஏண்டா திருடா, பன்னிரண்டு மணிக்குத்தானே வாயைத் திறப்பே, பதினொரு மணிக்கு இந்தச் சர்க்கரை டீ எப்படிடா இங்கே வந்தது என்று கேட்டார். அந்த மனுஷன் ஆறு மாசமாகத் துணிக்குப் பின்னால் மறைத்து வைத்துத் தினமும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். டீயைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது தொழிலுக்கு என்று சாதித்தாராம். அப்பாவை அவரே கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் என்னிடம் ஒப்பித்தார்.

சர்க்கரையைக் குடித்ததும் தெளிந்தது என்று அவர் சொன்னது எனக்குள் முள் மாதிரி நின்றுவிட்டது. நோட்டை எடுத்து இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது மறதியும் பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில். சாயங்காலம் ஒன்றுகூட இல்லை. வியாழக்கிழமை ஒன்றுகூட இல்லை. நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவது எத்தனை மணிக்கு? பதினொரு மணிக்கு. ஆறு வாரமும் நீ அவருடைய கெட்ட நேரத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறாய் கண்ணு. மறுநாள் நோட்டோடு நம் டாக்டரம்மாவிடம் போனோம், பழையவர் ஓய்வு பெற்றுவிட்டார், இந்தப் பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும், நகத்தில் மை கறையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொன்னது யாரு என்று கேட்டாள். யாரு என்று அவள் கேட்ட தோரணை எனக்குப் புரியவில்லை, பெருமையாக, நான்தான் டாக்டரம்மா, ஒரு நாளும் தவற விட்டதில்லை, டிக் இருக்கு பாருங்க என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்புறம் அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். அந்த மாத்திரைக்கு வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்கிற கண் கிடையாது, அது பாட்டுக்கு ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். சின்ன வயசுக்காரர்களுக்கு ரொம்ப இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், ஓடிப்போய் எதையாவது தின்பார்கள். வயசானவர்களுக்குப் பல சமயம் அந்த அடையாளமே வராது, நேராகப் புத்திதான் குழம்பும், பார்க்கிறவர்கள் மறதி வந்துவிட்டது என்று நினைப்பார்கள். அடிக்கடி இப்படி இறங்குவதே மூளைக்குக் கெடுதல் என்றாள், அதைக் கேட்டதும் எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஒட்டடை போகட்டும் என்று அவர் இருந்தார், நான் தினமும் எட்டு மணிக்கு வெடி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பட்டினி கிடப்பதே கெட்டதா என்று அப்பா கேட்டார். அப்படிச் சொல்ல மாட்டேன், சிலருக்கு எடையும் சர்க்கரையும் குறையத்தான் செய்கிறது, மூளைக்கு நல்லதா என்பதில் எலிகளை வைத்து நிறையப் பார்த்திருக்கிறார்கள், மனுஷர்களில், அதுவும் எழுபத்திரண்டு வயசில், இன்னும் உறுதியாகத் தெரியாது என்றாள். நான் எலி இல்லையே என்றார் அப்பா. இல்லை, எலி மாத்திரை சாப்பிடறதில்லை என்றாள். கெட்டிக்காரி. அப்பாவுக்கு ஐந்து கிலோ குறைந்ததில் நாங்கள் சந்தோஷப்பட்டோம், அதில் பாதி கொழுப்பு இல்லையாம், தொடைச் சதையாம், அதனால்தான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்றுகிறார். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். ராத்திரி ஏழு மணிக்குள் சாப்பாடு, அப்புறம் காலை ஏழு வரைக்கும் ஒன்றும் வேண்டாம், இது போதும், இதற்கு விரதம் என்று பேர் வைக்காதீங்க, தூக்கம் என்று வைங்க என்றாள். ஒவ்வொரு வேளையும் முட்டையோ பருப்போ, சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடை. பதினாறு நாள் ஆகிறது, மறதிப் பத்தி காலியாக இருக்கிறது.

உனக்கு ஞாபகப் பரீட்சைதான் முக்கியம் என்று தெரியும், அதையும் வைத்தாள். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னாள், அப்பா பதினொன்று பன்னிரண்டு காட்டினார், எக்ஸ்சேஞ்ச் கடிகாரம் எப்போதும் இரண்டு நிமிஷம் முன்னால்தான் ஓடும், எங்களுக்கு அப்படித்தான் பழக்கம் என்று வாதாடினார். ஐந்து வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். மூன்றுதான் வந்தது. மீதி இரண்டுக்குப் பதிலாகச் சுவரில் தொங்கின அவளுடைய போன் நம்பரைச் சொன்னார், அதற்கு மார்க் கிடையாதாம். முப்பதுக்கு இருபத்தாறு. இந்த வயசுக்குப் பரவாயில்லை என்றாள். அந்த இரண்டு வார்த்தையைப் பற்றி நான் தனியாகக் கேட்டேன். வயசு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆறு மாசம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றாள். உன்னிடம் மறைக்கவில்லை, அவள் சொன்னது அதுதான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன், அழுகை வந்துவிட்டது. நாற்பது வருஷமா நீ கொடுத்ததை எல்லாம் என்ன ஏதுன்னு கேக்காம முழுங்கினவன், இதை மட்டும் கேட்டிருப்பேனா, விடு, டீ போடு, சர்க்கரை இல்லாமல் என்றார். உன்னிடம் இத்தனை நாள் சொல்லாததும் அந்த வெட்கத்தால்தான். இன்னொரு வெட்கமும் இருக்கிறது. வந்த கையோடு நீங்களும் பார்த்துக்கோங்க என்று அந்தப் பெண் என் ரத்தத்தையும் எடுத்தாள், மூன்று மாசச் சர்க்கரைச் சராசரி எல்லையில் நிற்கிறதாம். விரதம் இருக்கிறவளுக்கு எப்படி என்று கோபமாகக் கேட்டேன். முடித்ததும் என்ன சாப்பிடுவீங்க என்றாள். இரண்டு கிண்ணம் இனிப்பு என்று நான் சொல்லுமுன் உன் அப்பா சொல்லிவிட்டார், அந்த ஞாபகம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. ஒரு நாள் விரதம் உங்கள் நம்பிக்கை, இருங்க, இனிப்பை விடுங்க, இரண்டாவது நாள் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வேண்டுதலை வைத்துவிட்டேனே, என்ன செய்ய. இரண்டு நாள் யோசித்து, சாமியிடம் பேசி, பட்டினிக்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாள் காலையில் எழுந்ததிலிருந்து மதியம்வரை பேசாமல் இருக்கிறேன் என்று மாற்றிக் கேட்டுக்கொண்டேன். அப்பாவிடம் சொன்னதும், கடவுள் இதற்காகத்தான் எத்தனையோ வருஷமாகக் காத்துக்கொண்டிருந்திருப்பார் என்றார்.

இன்றைக்குத்தான் அந்த முதல் நாள். பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். அப்பா ஏழு மணிக்குச் சாப்பிட்டு, நடந்துவிட்டு வந்து, பத்தரைக்கு என் எதிரில் உட்கார்ந்தார். நான் பதில் சொல்ல மாட்டேன் என்கிற தைரியத்தில் எக்ஸ்சேஞ்ச் கதை ஒன்றை ஆரம்பித்தார், மூன்றாவது போர்டில் உட்கார்ந்திருந்த ஆள் ஒருத்தர், கல்யாண வீட்டுக்காரரையும் தீயணைப்பு நிலையத்தையும் மாற்றி இணைத்த கதை. நடுவில் அந்த ஆளின் பேர் வரவில்லை. அந்த, அந்த, என்று நிறுத்தினார். பேர் என் நாக்கு நுனியில் நிற்கிறது. எப்போதும் அவர் இரண்டாவது அந்த சொல்லுமுன் நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன், இன்றைக்கு வாயைத் திறக்க முடியாது. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலைப் பார்த்தார், மேஜையை விரலால் தட்டினார், எனக்குப் பயமாக இருந்தது, பெரியப்பா ஞாபகம் வந்தது. ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. அப்புறம் தானாகவே சொன்னார், பேரைச் சொல்லி, அவர் வீட்டு நம்பரையும் சொல்லி, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி. நான்தான் அதற்குப் பிறகு கதையைக் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் எது அவர் மறந்தது, எது நான் தேட விடாதது என்று எனக்கே தெரியாமல் போச்சு.

ஆகையால் தரகரை வர வேண்டாம் என்று சொல். எங்கள் டிக்கெட்டை மாற்றி, முடிந்தால் உங்கள் மூன்று பேருக்கும் போட்டுக்கொள். மூட்டை கட்ட வராதே, அப்பாவைப் பார்க்க வா, நாலு நாள் கூட இருந்து பார், ஆறு மாசம் கழித்து அந்தப் பெண் என்ன சொல்கிறாளோ அதை அப்படியே எழுதுகிறேன், அப்போது வீட்டைப் பற்றி அவரையும் வைத்துக்கொண்டு பேசலாம். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, ஆபீஸ் வேலை என்று மத்தியானத்தை விடாதே. மாப்பிள்ளையும் ஏதோ பதினாறு மணி நேரம் இருக்கிறார் என்றாயே, மாத்திரை எதுவும் இல்லை என்றால் அவர் இஷ்டம், எதற்கும் டாக்டரைக் கேட்கச் சொல், என்னைக் கேட்க வேண்டாம். ஆண்டவன் உங்கள் மூன்று பேரையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு வைத்திருக்கட்டும், சின்னவளுக்கு என் முத்தம்.

ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போலப் பதினொரு மணிக்கே கூப்பிடு, மாற்ற வேண்டாம். அப்பாதான் எடுப்பார். பேச்சு நடுவில் எங்கேயாவது நின்றால் நீ எடுத்துக் கொடுக்காதே கண்ணு, கொஞ்சம் பொறுத்திரு, வருவார்.

என்றும் உங்களுக்காகக் கையேந்தி நிற்கும்
உன் அம்மா